மொழி மாற்றும் மணிகண்டராஜ்

புரோகிராமை ஓடவிட்டதும் மணிகண்டராஜ் உட்கார்ந்திருக்க மாட்டார். எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரையில் ஒரு பச்சைக் கோடு நகரும். நூற்றுக்குப் பதினான்கில் நிற்கும். பிறகும் பதினான்கிலேயே நிற்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்ப்பார். பதினைந்து.

"மொழி பத்தாது சார்," என்பார் என் பக்கம் திரும்பி. "நாம எம்புட்டு நல்லா எளுதினாலும் மொழி இளுக்குது."

என் மேசை அவருடைய மேசைக்கு அடுத்தது. சிவகாசியில் லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் நான் பிழை திருத்துகிறவன். புஸ்வாணத்தில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா, சங்கு சக்கரத்தில் ஒற்று மிகுமா என்று பார்ப்பது என் வேலை. அவர் சொல்லும் மொழி தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. அதில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அதனால்தான் என்னிடம் சொல்கிறார் என்று நினைக்கிறேன். மறுத்துப் பேசாத ஆள் பக்கத்தில் கிடைப்பது அவருக்கு வசதி.

வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் மல்லாங்கிணறு. அங்கே வீட்டாருக்குப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பெய்தால் அதைப் பற்றிப் பேசுவார், பெய்யாவிட்டால் பேசமாட்டார். விருதுநகரில் குடியிருக்கிறார். தினமும் பைக்கில் வந்து, ஹெல்மெட்டை மானிட்டர் மேல் கவிழ்த்துவிட்டு, சாமி படத்துக்கு ஒரு கும்பிடு, கம்ப்யூட்டருக்கு ஒரு முறைப்பு என்று நாளைத் தொடங்குவார். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். யாராவது மெதுவாகப் பேசினால் அந்த வாக்கியத்தை அவரே முடித்துக் கொடுப்பார். பாதி நேரம் தப்பாக முடிப்பார்.

அவர் எழுதிய புரோகிராம்தான் எங்கள் அச்சகத்தின் முதல் படி. பட்டாசுப் பெட்டி லேபிள்கள் ஒன்று உள்ளங்கை அகலம், ஒன்று முழ நீளம், இன்னொன்று விரல் அகலம் என்று பல அளவில் வரும். அவற்றைப் பெரிய தாளில் இடம் வீணாகாமல் நெருக்கி அடுக்க வேண்டும். அடுக்கி முடித்தால்தான் அச்சுத் தகடான பிளேட் தயாராகி மிஷினுக்குப் போகும். பிளேட் போனால்தான் மிஷின் ஓடும். அந்த அடுக்கும் வேலையைத்தான் புரோகிராம் செய்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை விபி என்ற மொழியில் எழுதினார். சில வருடத்தில் அது மெதுவாகிவிட்டது என்று ஜாவாவில் மாற்றி எழுதினார். அதுவும் மெதுவாகியது, பைத்தானுக்கு மாறினார். ஒவ்வொரு முறையும் எங்களிடம் சொன்னது ஒன்றேதான்: "இனிமே பாருங்க."

அவர் மனைவி சுகிர்தா விருதுநகரில் பள்ளி ஆசிரியை. ஒரு விசேஷ வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது சொன்னார்: "வீட்டுல மிக்ஸி மெதுவாச் சுத்துனாக்கூட அவுக பிளேடைப் பாக்க மாட்டாக சார். வேற கம்பெனி மிக்ஸி வாங்கணும்பாக." மணிகண்டராஜ் இலையிலிருந்து நிமிராமல், "அது கம்பெனிதான் கோளாறு," என்றார்.

போன தீபாவளி சீசன் எங்களுக்குச் சரியாகப் போகவில்லை. கிப்ட் பாக்ஸ் லேபிள் ஆர்டர்களில் ஒரே லோடுக்கு இருநூறு டிசைன் வரை வந்தது. புரோகிராம் ஒருமுறை ஓடி முடிக்க இருபத்திரண்டு நிமிடம். முடித்த பிறகு பட்டாசு கம்பெனியிலிருந்து போன் வரும்: ஒரு லேபிளில் எழுத்தைச் சின்னதாக்க வேண்டும், ஒரு படத்தை மாற்ற வேண்டும். மாற்றினால் மறுபடி முதலிலிருந்து இருபத்திரண்டு நிமிடம். ஒரு நாளில் இப்படி எட்டுத் தடவை. மிஷின்காரர்கள் கை கட்டி வாசலில் நின்றார்கள்.

எங்கள் முதலாளி ஜெயச்சந்திரன் அண்ணாச்சி சத்தம் போடுகிற ஆள் இல்லை. தை மாதம் ஒரு நாள் கையில் வழவழப்பான ஒரு புத்தகத்தோடு வந்தார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி ரெடிமேடாக விற்கும் சாஃப்ட்வேரின் விளம்பரம். "இதுல எல்லாம் அதுவே பாத்துக்கிடுமாம். லே-அவுட்டுக்குன்னு தனியா ஆளே வேண்டாங்காக," என்றார்.

லே-அவுட்டுக்கு, அதாவது அந்த அடுக்கும் வேலைக்கு, தனியாக இருந்த ஆட்கள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சொர்ணலட்சுமி அக்காவும், அவருக்குக் கீழ் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மணிகண்டராஜ் புரோகிராமை எழுதுவார், தினமும் அதை ஓட்டி, வந்ததைச் சரிபார்த்து, பிளேட்டுக்கு அனுப்புவது அக்கா. அண்ணாச்சி பேசியது காதில் விழாதமாதிரி அவர் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஆனி வரைக்கும் டைம் குடுங்க," என்றார் மணிகண்டராஜ். "ரஸ்டுல மாத்தி எளுதிருதேன். பத்து மடங்கு வேகம் வந்துரும்."

"ரஸ்டுன்னா துருல்லா?"

"பேருதான் அண்ணாச்சி அப்படி."

"துருப்பிடிச்சது எப்படிய்யா வேகமா ஓடும்?"

அந்தக் கேள்விக்கு மணிகண்டராஜ் ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னார். அண்ணாச்சி கடைசியில் நேரம் கொடுத்ததற்கு அந்தப் பதிலின் நீளமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஐந்து மாதம் எழுதினார். இடது திரையில் பழையது, வலது திரையில் புதியது. ஒரு வரியைப் பார்ப்பார், புதிய மொழியில் எழுதுவார், அடுத்த வரிக்குப் போவார். சாப்பாட்டு வேளையில் தயிர்சாதத்தோடு எனக்கு அந்த மொழியின் பெருமைகளைப் பரிமாறினார். "கார்ல போறதுக்கும் மாட்டுவண்டில போறதுக்கும் உள்ள வித்தியாசம் சார்" என்றார். "பழசுல இருந்த ஒரு வரியக்கூட விடல" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒண்ணே ஒண்ணு விட்டுட்டேன். எதுக்கு எளுதினேன்னே ஞாபகம் இல்ல. சும்மா வேகத்தைக் கொறைக்கும்னு எடுத்துட்டேன்," என்றார்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை புதிய புரோகிராமை ஓடவிட்டார். நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனி ஒன்றின் கிப்ட் பாக்ஸ் ஆர்டர். இருநூற்றுப் பதினான்கு டிசைன். அதோடு மீதியிடத்தில் சேர்க்க ஓர் ஊதுபத்திக்காரரின் லேபிளும் இருந்தது. மணிகண்டராஜ் புதுச் சட்டை போட்டிருந்தார். எழுந்து நாற்காலியின் பின்னால் போனார்.

பச்சைக் கோடு பதினான்கில் நின்றது.

பிறகு மெல்ல நகர்ந்தது. அது முடிந்தபோது இருபது நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது. "மொதத் தடவை அப்படித்தான் இருக்கும்," என்று மறுபடி ஓட்டினார். மறுபடியும் இருபது நிமிடம் நாற்பது விநாடி. அதற்குள் முதலில் ஓடியது பிளேட்டாகப் போய், மிஷினில் ஏறி, தாளாக வெளியே வந்துவிட்டது. கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கருப்பணன் ஒரு தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், முருகன் தலைகீளா நிக்காரு."

ஊதுபத்தி லேபிள். மூலையில் கொஞ்சம் இடம் மிச்சமாகும் என்று புரோகிராம் முருகனைக் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துவிட்ட அந்த ஒரே ஒரு வரி எதற்காக இருந்தது என்பது மணிகண்டராஜுக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது. இருந்தாலும் பேசிப் பார்த்தார்.

"அண்ணே, வெட்டினதுக்கு அப்புறம் திருப்பிக்கிட்டா நேரா நிப்பாருல்லா?"

"வெட்டும்போது எப்படி நிக்காருங்கதுதான் சார் எனக்கு முக்கியம்," என்றார் கருப்பணன். "கத்தியில நான்தான கை வைக்கேன்?" தாளை மேசையில் நேராகத் திருப்பி வைத்துவிட்டு, முருகனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

மதியம் அண்ணாச்சி வந்தார். "எம்புட்டு?" என்றார்.

"இருபது நிமிசம் நாப்பது செகண்டு அண்ணாச்சி."

"முன்ன?"

"இருபத்திரண்டு. அதுக்கு மேல ஒரு அஞ்சு செகண்டு."

அண்ணாச்சி கணக்குப் போடவில்லை. "வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர்க்காரங்கள வரச் சொல்லிருதேன்," என்றார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி முகம் கழுவ எழுந்து போனாள். மணிகண்டராஜ் டப்பாவைத் திறந்து, சாதத்தைப் பார்த்து, மூடி வைத்தார். ஐந்து மாதமாக அவர் சொன்ன பெருமையெல்லாம் என் காதில்தான் இருந்தது; இப்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்று மணிக்குச் சொர்ணலட்சுமி அக்கா மணிகண்டராஜின் மேசைக்கு வந்தார். கையில் ஒரு கட்டு வீணான லேபிள் தாள். பின்பக்கமெல்லாம் பென்சில் எழுத்து.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்கக்கா. இனிமே கோவிக்க என்ன இருக்கு."

"நான் ஒவ்வொரு தடவையும் எப்ப ஆரம்பிச்சுது, எப்ப முடிஞ்சுதுன்னு குறிச்சு வைப்பேன். சாப்பிட்டுட்டு வர நேரமிருக்கா இல்லையான்னு தெரியணும்ல. ரெண்டு வருசமா இருக்கு." தாள்களைப் பரப்பினார். "இங்கன பாருங்க. நூத்தம்பது லேபிள், ரெண்டே நிமிசத்துல முடிஞ்சிருக்கு. இது நாப்பதே லேபிள். எட்டு நிமிசம். லேபிள் கூடக்கூடத்தான நேரம் கூடணும்?"

மணிகண்டராஜ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"அந்த நூத்தம்பதும் மயிலு, தாமரைன்னு வரைஞ்ச படம். இந்த நாப்பதும் போட்டோ. மத்தாப்பு பிடிச்ச பிள்ளை படம் வந்துச்சுன்னா அன்னைக்கு நான் ஆற அமரச் சாப்பிடலாம். நீங்க பைத்தான்ல எளுதினாலும் அப்படித்தான். இன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"போட்டோன்னா ஃபைல் பெருசா இருக்கும்க்கா."

"இருக்கட்டும். அடுக்கதுக்கு நீளமும் அகலமும்தான தம்பி வேணும்? கையால அடுக்கின காலத்துல நான் ஸ்கேலை வச்சு அளவு மட்டும்தான் எடுப்பேன். அந்தப் பிள்ளை மூஞ்சிய உங்க புரோகிராம் எதுக்குப் பாக்குது?"

மணிகண்டராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பழைய புரோகிராமைத் திறந்தார். தேடினார். பிறகு அதற்கும் பழையதைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். புரியாது என்று தெரிந்தும்.

விஷயம் இதுதான். ஒரு லேபிளின் நீள அகலத்தைத் தெரிந்துகொள்ள, அவருடைய புரோகிராம் அந்தப் படம் முழுவதையும் திறந்து, ஒவ்வொரு புள்ளியாக உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு அளவை மட்டும் எழுதிக்கொண்டு படத்தைக் கீழே போட்டது. அளவு ஃபைலின் தலைப்பிலேயே இருக்கும். அதை மட்டும் படித்தால் போதும். முதன்முதலில் விபியில் எழுதிய காலத்தில் படங்கள் சின்னவை, யாருக்கும் தெரியவில்லை. ஜாவாவுக்கு மாறியபோது அந்த வரி கூடவே போனது. பைத்தானுக்குப் போனது. ஐந்து மாதம் ஒரு வரிகூட விடாமல் எழுதியதில் ரஸ்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"நாலு மொழிலயும் இருக்கு சார்," என்றார் என்னிடம், மெதுவாக.

எனக்கு அது புதிதில்லை. ஒரு காலண்டரில் ஊர்ப் பெயர் ஒன்று பதினொரு வருடமாகத் தப்பாகவே வந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துரு மாறியது, தாள் மாறியது, மிஷின் மாறியது. ஒவ்வொரு வருடமும் போன வருடத்துத் தாளைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

ஏன் முன்பே எங்கே நேரம் போகிறது என்று பார்க்கவில்லை என்று பிறகொரு நாள் கேட்டேன். வெட்கப்பட்டுச் சொன்னார்: "மொழிதான்னு எனக்கு மொதல்லயே தெரியும்னு நெனச்சுட்டேன் சார். தெரிஞ்சதை எதுக்கு அளந்து பாக்கணும்?"

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குள் திருத்திவிட்டார். பதினொரு வரி. ஓடவிட்டுவிட்டு எழுந்தார், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்ப் பச்சைக் கோட்டைத் தேடினார். அது முடிந்து வெகுநேரம் ஆனமாதிரி அமைதியாக இருந்தது. இருபத்தைந்து விநாடி. அவர் நம்பவில்லை. ஒவ்வொரு தாளாகத் திறந்து, இருநூற்றுப் பதினான்கு லேபிளும் இருக்கிறதா என்று அக்காவோடு உட்கார்ந்து எண்ணினார். இருந்தன.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் சொர்ணலட்சுமி அக்கா அளக்கத் தொடங்கினால் பாதியில் விடமாட்டார்.

"அதே பதினொரு வரிய பழசுலயும் போட்டுப் பாருங்க தம்பி."

"அது எதுக்குக்கா? அதான் முடிஞ்சுருச்சே."

"பாத்தா என்ன?"

மணிகண்டராஜ் அன்று பார்க்கவில்லை. புதன்கிழமை கேபிள் சரியில்லை என்றார். வியாழன் காலை தலைவலி என்றார். ஐந்து மாத உழைப்பு ஒன்றுமே இல்லை என்று தெரிந்துபோனால் என்ன செய்வது என்ற பயம்தான் தலைவலியாக வந்திருந்தது என்று எனக்குத் தெரியும். சாப்பிட்ட பிறகு, அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால், பழைய பைத்தான் புரோகிராமில் அந்தத் திருத்தத்தைச் செய்து ஓட்டினார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

மணிகண்டராஜ் தாளில் கழித்தார். முகம் தெளிந்தது. "பாத்தீகளா? நாலு மடங்குக்கு மேல. மொழியும் வேலை செஞ்சிருக்கு."

"செஞ்சிருக்கு, யாரு இல்லன்னா," என்றார் அக்கா. "படத்தைத் தொறக்காம இருந்ததுக்கு இருபது நிமிசம். மொழிக்கு ஒரு நிமிசம் இருபத்தஞ்சு செகண்டு." எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே அண்ணாச்சி வந்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர்கள் விருதுநகரைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது. மணிகண்டராஜ் அவர் முன்னால் புரோகிராமை ஓட்டிக் காட்டினார். அண்ணாச்சி திரையைப் பார்த்தார். "முடிஞ்சுதா?" என்று கேட்டார். "இன்னொரு தடவை," என்றார். மறுபடி இருபத்தைந்து விநாடி.

"ஆக, மொழிய மாத்துனதால வேகம் வந்துருச்சு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து மாதம் அவர் காத்திருந்த வாக்கியம் அது, அண்ணாச்சியே சொல்லிவிட்டார். நான் கையிலிருந்த புரூஃபைப் படிப்பதாகக் காட்டிக்கொண்டேன். அக்கா தலை நிமிரவில்லை.

"இல்ல அண்ணாச்சி," என்றார் மணிகண்டராஜ். "நான் இருபது வருசமா ஒரு தப்பைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கேன். அக்காதான் கண்டுபிடிச்சாக. இவுக குறிச்சு வைக்கலேன்னா இன்னொரு மொழிக்கும் அதைக் கொண்டு போயிருப்பேன்." அதோடு விட அவரால் முடியவில்லை. "மொழியாலயும் ஒரு நிமிசம் இருபத்தஞ்சு செகண்டு."

"அஞ்சு மாசத்துக்கு ஒரு நிமிசமா?"

"ஒரு நிமிசம் இருபத்தஞ்சு செகண்டு அண்ணாச்சி."

அண்ணாச்சி சொர்ணலட்சுமி அக்கா பக்கம் திரும்பி, அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தபோது அவர்களுக்கு டீ கொடுத்து, வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆளுக்கொரு பெட்டி மத்தாப்பும் கொடுத்து, எதுவும் வாங்காமலே நல்லபடியாக வழியனுப்பினார். நாரணாபுரத்து ஆர்டர் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே போனது. அதில் முப்பத்தொரு திருத்தம் வந்தது. ஒரு தடவைகூட மிஷின் நிற்கவில்லை. அக்காவுக்கு மட்டும் ஒரு குறை. "இப்ப சாப்பிட்டு வரதுக்கே நேரமில்ல தம்பி. கொஞ்சம் மெதுவா ஆக்கிக் குடுங்க."

முருகனுக்கான வரியும் திரும்பி வந்துவிட்டது. அது எதற்கு என்று மறக்காமலிருக்கப் பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதி, பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் காட்டினார். "சாமி படத்தைத் தலைகீளாக வைக்கக் கூடாது. இந்த வரியை எடுக்கக் கூடாது. ஏனென்று கருப்பணனைக் கேட்கவும்." நான் ஒரு ளகரத்தை ழகரமாக்கிக் கொடுத்தேன். அவர் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் எனக்குப் புரிந்த ஒரே இடம் அதுதான்.

போன வாரம் டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து முத்துமாரி வந்தாள். லாரியில் பெட்டி ஏற்றும்போது ஒட்டுகிற சீட்டு அச்சாகி வர ரொம்ப நேரம் ஆகிறதாம். டிரைவர்கள் சத்தம் போடுகிறார்களாம். அந்தப் புரோகிராமும் இவர் எழுதியதுதான். மணிகண்டராஜின் திரையில் அப்போது ஏதோ ஒரு புதிய மொழியைப் பற்றிய பக்கம் திறந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துச் சட்டென்று அதைச் சின்னதாக்கினார்.

"அது எதுல எளுதினதுன்னா..." என்று தொடங்கினார். முத்துமாரி காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். முத்துமாரியின் புரோகிராமைத் தன் திரையில் திறந்தார். பிறகு இடது கையிலிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி, விநாடி முள் தெரியும்படி கீபோர்டுக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தார்.